மூன்றாவது ஆள் கட்டும் பில்

(ஒரு கல்லூரியின் காட்சித் தொடர்பியல் துறையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் 'சமூக ஊடகமும் பயணத் தொழிலும்' என்று பெரிய தலைப்பாகப் போட்டுவிட்டார்கள். அவ்வளவு பெரிய தலைப்பைத் தூக்கிச் சுமக்க எனக்குத் தெம்பு கிடையாது. நான் ஹோட்டல்காரன். மலை ஊர் ஒன்றில் ஃப்ரண்ட் ஆபீஸில் சாவி எடுத்துக் கொடுக்கிற வேலையில் ஆரம்பித்து, கடைசியில் விற்பனைப் பிரிவு நாற்காலியில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். அந்த நாற்காலிக்கு தினமும் வந்து சேர்ந்த ஒரு வகைக் கடிதத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன். 'உங்கள் ஹோட்டலில் எனக்கு இலவசமாக ரூம் கொடுங்கள், என் பக்கத்தில் உங்களைப் பற்றி ரீல்ஸ் போடுகிறேன்' என்று கேட்கும் கடிதம். உங்களில் சிலர் அதை ஏற்கெனவே யாருக்காவது அனுப்பியிருப்பீர்கள். சிலர் இன்று ராத்திரி அனுப்புவீர்கள். திட்டுவதற்காக நான் வரவில்லை, பயப்படாதீர்கள்.

2018 ஜனவரியில் அயர்லாந்தின் தலைநகர் டப்ளினில் ஒரு சண்டை நடந்தது. இந்த விவகாரத்தில் இரண்டு கட்சியும் சொல்லக்கூடிய அத்தனை வாதமும் அந்த ஒரு வாரத்திலேயே சந்திக்கு வந்துவிட்டதால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சார்லவில் லாட்ஜ் என்று ஒரு ஹோட்டல், அதோடு ஒட்டியது ஒயிட் மூஸ் கஃபே. முதலாளி பால் ஸ்டென்சன். அவருக்கு இங்கிலாந்திலிருந்து 22 வயதுப் பெண் ஒருவர் மின்னஞ்சல் அனுப்பினார். யூடியூபில் 87,000 சந்தாதாரர்கள், இன்ஸ்டாகிராமில் 76,000 பேர் அவருக்கு. காதலர் தினத்தை முன்னிட்டு, பிப்ரவரி 8 முதல் 12 வரை துணைவரோடு டப்ளினுக்கு வருகிறேன், தங்க இடம் கொடுத்தால் என் வீடியோவிலும் ஸ்டோரியிலும் உங்கள் ஹோட்டலைக் காட்டுகிறேன், போன வருஷம் ஃப்ளோரிடாவில் யுனிவர்சல் ஆர்லாண்டோவோடு இப்படி வேலை செய்தேன், அவர்களுக்கு அமோகமான பலன் என்று எழுதியிருந்தார். மரியாதையான கடிதம்தான். யாரையும் மிரட்டவில்லை, எதையும் மறைக்கவில்லை.

ஸ்டென்சன் பெண்ணின் பெயரை மறைத்துவிட்டுப் பதிலை ஹோட்டலின் ஃபேஸ்புக் பக்கத்தில் ஊரறியப் போட்டார். பெயர் சொல்லி விளிக்காமல் வந்த கடிதத்துக்குத் தானும் பெயர் சொல்லாமலே பதில் எழுதுவதாக ஒரு குத்தல் வேறு. பிறகு கேட்டார்: உனக்கு ஓசியில் ரூம் கொடுத்தால், அதைப் பெருக்கித் துடைக்கிறவருக்கு யார் சம்பளம் கொடுப்பது? காலையில் பரிமாறுகிறவருக்கு? வரவேற்பறையில் நிற்கிறவருக்கு? விளக்குக்கும் கணப்புக்கும் ஆகிற செலவு யார் தலையில்? சம்பளத்துக்குப் பதிலாக நீங்களும் வீடியோவில் வருவீர்கள் என்று என் ஆட்களிடம் சொல்லிவிடட்டுமா? என் ஃபேஸ்புக் பக்கங்களுக்கு 1,86,000 பேர் இருக்கிறார்கள், நான் யாரிடமும் போய் எதையும் சும்மா கேட்டதில்லை என்றும் சேர்த்துக்கொண்டார்.

பெயரை மறைத்தால் என்ன, இணையத்துக்கா கண்டுபிடிக்கத் தெரியாது? சில மணி நேரத்தில் அது யார் என்று தெரிந்துவிட்டது. வசை மழை. அந்தப் பெண் 17 நிமிட வீடியோ ஒன்றில் கண் கலங்கப் பேசினார். வீட்டிலிருந்து சொந்தத் தொழில் நடத்துகிறேன், இதில் என்ன தப்பு, முப்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த ஊடகம் எப்படி வேலை செய்கிறது என்றே புரிவதில்லை என்றார். (முப்பதைத் தாண்டி எனக்கு எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆகவே இனி நான் சொல்வதை அந்தக் கழிவோடு எடுத்துக்கொள்ளுங்கள்.) ஸ்டென்சன் விடவில்லை. எந்த வலைப்பதிவரும் என் ஹோட்டலுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது என்று தடை போட்டார். இந்தச் சண்டையால் இருபது நாடுகளில் உனக்குச் செய்தி வந்திருக்கிறது, இந்தா அதற்கான பில் என்று 52,89,000 யூரோவுக்கு ஒரு பொய் இன்வாய்ஸ் அனுப்பினார். டி-ஷர்ட்டும் அச்சடித்து விற்றார்.

இந்தக் கதையை எங்கள் தொழிலில் இருப்பவர்கள் ரசித்து ரசித்துச் சொல்வார்கள். எனக்கு அதில் முழுச் சந்தோஷம் கிடையாது. கேள்வி சரியான கேள்வி. கேட்டவர் யார் என்று பாருங்கள். சண்டை மூட்டி விளம்பரம் தேடுவது அவருக்குப் புதிதில்லை. 2015இலேயே வீகன் உணவுக்காரர்களோடு மல்லுக்கட்டி அவர்களுக்கும் தடை போட்டவர். 'ஓசி கிடையாது' என்று கல்லாவில் நின்று கத்தினவர்தான், அந்த வாரம் உலகத்திலேயே யாருக்கும் கிடைக்காத அளவு ஓசி விளம்பரத்தை அள்ளிக்கொண்டு போனார். 22 வயதுப் பெண்ணை ஊர் கூடி ஏசியதுதான் அதற்கு மூலதனம். அந்தப் பெண்ணின் பெயர் எல்லாப் பத்திரிகையிலும் வந்திருக்கிறது. இருந்தாலும் நான் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு இப்படி விரட்டுவதே ஒரு கலையாகிவிட்டது. 2019 ஏப்ரலில் ஃபிலிப்பைன்ஸின் சியார்காவ் தீவில் ஒயிட் பனானா என்கிற கடற்கரை விடுதி, தாங்களே தங்களுக்கு இன்ஃப்ளுயன்சர் பட்டம் கொடுத்துக்கொண்டவர்களோடு கொலாப் செய்ய விருப்பமில்லை, ஓசியில் சாப்பிடவும் தூங்கவும் வேறு வழி பாருங்கள், அல்லது உண்மையிலேயே ஒரு வேலை பாருங்கள் என்று அறிவித்தது. அதே வருஷம் ஜூலையில் லாஸ் ஏஞ்சலிஸில் ஐஸ்கிரீம் வண்டிக்காரர் ஜோ நிக்கி, இன்ஃப்ளுயன்சர்களுக்கு இரட்டை விலை என்று போர்டு மாட்டினார். நாலு டாலர் கோன் அவர்களுக்கு எட்டு டாலர். இரண்டு கடையும் உலகச் செய்தி ஆயின. மாலத்தீவின் ஐந்து நட்சத்திர விடுதியான துசித் தானிக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது ஆறு கோரிக்கை வருகிறது என்று அதன் விளம்பரப் பொறுப்பாளர் 2018இல் ஒரு பத்திரிகையிடம் சொல்லியிருந்தார். ஆறு எனக்கு ஆச்சரியமாக இல்லை. எங்கள் மலை ஊர் ஹோட்டலுக்கே டிசம்பர் வந்தால் அதற்கு மேல் வரும்.

அந்தக் கடிதங்கள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். பாதி இன்ஸ்டாகிராம் டிஎம்மில் வரும். 'ஹாய் டீம், கொலாப்?' முடிந்தது கடிதம். யார், எந்த ஊர், எத்தனை நாள், ஒன்றும் கிடையாது. இன்னொரு வகை, அழகான மீடியா கிட் இணைத்து வரும். மலை, மேகம், தொப்பி வைத்த புகைப்படம், ஃபாலோயர்ஸ் கணக்கு, எல்லாம் இருக்கும். மூன்றாவது பத்தியில் 'உங்கள் கடற்கரை ஹோட்டலின் அழகில் மயங்கி' என்று இருக்கும். எங்களுக்கும் கடலுக்கும் நடுவில் இரண்டு மாவட்டம். நூறு ஹோட்டலுக்கு அனுப்பிய கடிதத்தில் பெயரை மாற்றினவர் வர்ணனையை மாற்ற மறந்துவிட்டார், அவ்வளவுதான். இதையெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டே நாங்கள் அதில் சிலருக்கு ரூம் கொடுத்தோம். ஏன் கொடுத்தோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஹோட்டல் ரூம் என்பது அன்றைக்குப் பறித்த வெற்றிலை மாதிரி. இன்று ராத்திரி விற்காத ரூமை நாளைக்குச் சேர்த்து விற்க முடியாது. ஆறாயிரம் ரூபாய் வாடகை ரூம் என்று வைத்துக்கொள்வோம். அது காலியாகக் கிடந்தாலும் கட்டடக் கடன் வட்டி ஓடும், வாட்ச்மேனுக்குச் சம்பளம் போகும். அதில் ஒருவர் தங்கினால் கூடுதலாக ஆவது என்ன? படுக்கை விரிப்பும் துண்டும் லாண்டரிக்குப் போகும் செலவு, சோப்பு, வெந்நீர், கரண்ட், இரண்டு பேருக்குக் காலைச் சாப்பாடு. ஆயிரத்துச் சில்லறை. ஆகஸ்ட் மாத மழையில், செவ்வாய்க்கிழமை, பாதி ஹோட்டல் காலியாக இருக்கும்போது, ஆயிரத்துச் சில்லறைக்கு ஒரு நல்ல வீடியோ கிடைத்தால் கசக்குமா? மே மாதம் சனிக்கிழமை என்றால் கணக்கே வேறு. அன்றைக்கு அந்த ரூமுக்குக் காசு கொடுக்க வாசலில் ஆள் நிற்கிறார். ஓசி ரூமின் விலை அன்று முழு ஆறாயிரம். டப்ளின் பெண் கேட்டது எந்த வாரம் என்று இப்போது நினைத்துப் பாருங்கள். விமானக் கம்பெனிக்கும் இதே கணக்குதான். கதவு சாத்தின பிறகு காலி ஸீட்டுக்கு விலை கிடையாது.

ஆகையால் ஸ்டென்சனின் கேள்விக்கு என் பதில், சம்பளம் எப்படியும் போய்ச் சேர்ந்துவிடும் என்பதே. வீடியோவுக்கு ரூம் என்பது பண்டமாற்று. எங்கள் தொழிலில் 'பார்ட்டர்' என்போம். இரண்டு பேருக்கும் லாபம் என்றால் அதில் அவமானப்பட ஒன்றும் இல்லை. கேட்பதும் குற்றமில்லை, மறுப்பதும் குற்றமில்லை. கோளாறு, இந்தப் பேரத்தில் உட்காராத மூன்றாவது ஆளிடம் இருந்து தொடங்குகிறது. அந்த வீடியோவைப் பார்த்து, ஆறு மாதம் சீட்டுப் போட்டுச் சேர்த்த காசைக் கொண்டு வந்து, குடும்பத்தோடு ரூம் எடுக்கிற ஆள்.

அவருக்கு என்ன கிடைக்கிறது? இன்ஃப்ளுயன்சர் வருகிறார் என்றால் ஹோட்டலில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். எந்த ஊர் ஹோட்டலிலும் இதுதான். மூலை ரூம், இரண்டு பக்கமும் ஜன்னல், பள்ளத்தாக்கு முழுசாகத் தெரியும், அதை அவருக்கு ஒதுக்குவார்கள். ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் தானே வந்து நின்று படுக்கை போட வைப்பார். ஸ்டோரில் பிரிக்காமல் வைத்திருந்த புதுத் துண்டு வெளியே வரும். பழக்கூடை, கையெழுத்தில் வரவேற்பு அட்டை. தோசை மாஸ்டரிடம் 'இன்னைக்கு கொஞ்சம் பாத்து ஊத்துங்கண்ணே' என்று காதில் சொல்லப்படும். மேனேஜர் கூடவே நடப்பார். வெந்நீர் வருகிறதா என்று காலை ஐந்து மணிக்கே ஒருவர் குழாயைத் திறந்து பார்த்துவிட்டுப் போவார். அப்புறம் நம் குடும்பஸ்தர் வருகிறார். அவருக்கு ஜெனரேட்டர் பக்கம் பார்த்த ரூம். காலை ஏழு மணிக்கு வெந்நீர் எட்டாவது ரூமோடு நின்றுவிடும். வீடியோவில் வந்தது பொய்யா? ஒரு ஃப்ரேம்கூடப் பொய்யில்லை. அந்த ஜன்னல் இருக்கிறது, அந்தத் தோசையும் இருக்கிறது. அது அவருக்கு வாய்க்கிற ஹோட்டல் இல்லை என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

மிச்செலின் வழிகாட்டியின் ஆய்வாளர்கள் யார் என்று தெரியாமல் போய்ச் சாப்பிட்டு, முழு பில்லும் கட்டிவிட்டு வருவது இதற்காகத்தான். காசு கட்டுவது பெரிதில்லை. தாம் யார் என்று சமையலறைக்குத் தெரியாமல் இருப்பதே அங்கே பெரிய விஷயம். வேடிக்கை என்னவென்றால், 1900இல் அந்தப் புத்தகம் பிறந்தபோது அதுவே டயர் கம்பெனியின் விளம்பரம்தான். ஜனங்கள் வண்டி எடுத்து ஊர் சுற்றினால் டயர் தேயும், தேய்ந்தால் விற்கும். சும்மாவே கொடுத்தார்கள், 1920 முதல்தான் விலை வைத்தார்கள்.

இன்ஃப்ளுயன்சர்களைக் கேலி செய்யும் பத்திரிகைக்கார நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த வழியைப் போட்டவர்கள் நீங்கள். விமானக் கம்பெனி புது ஊருக்கு முதல் விமானம் விட்டால் முன் வரிசையில் யார் உட்கார்ந்து போனார்கள்? சுற்றுலாத் துறை அழைத்துப் போன பயணங்களைப் பற்றி ஞாயிறு இணைப்புகளில் வந்த பக்கங்களில் 'அவர்கள் செலவில் போனோம்' என்ற வரியை எத்தனை முறை படித்திருக்கிறீர்கள்? வெளிநாட்டிலும் அப்படித்தான் இருந்தது. அதனால்தான் 1987இல் ஹரால்ட் எவன்ஸ் ஆசிரியராக இருந்து 'கோண்டே நாஸ்ட் டிராவலர்' இதழைத் தொடங்கியபோது, எங்கள் நிருபர்கள் ஓசிப் பயணம் போக மாட்டார்கள் என்பதையே அதன் கொடியாகப் பிடித்தார். மற்ற இதழ்கள் போய்க்கொண்டிருந்தன என்று அதற்கு அர்த்தம். நியூயார்க் டைம்ஸ் பயணப் பகுதியிலும் ஓசிக்கு இடம் கிடையாது. இந்த இரண்டும் பணக்காரப் பத்திரிகைகள். கொள்கைக்குக் கட்டுப்படியாகிற வருமானம் இருந்தது. கையில் ஒரு போனும் கடன் வாங்கிய டிரைபாடும் வைத்திருக்கிற பையனிடம் அதே கொள்கையைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அவனிடம் கேட்கக்கூடியது வேறு. நம் சங்கப் பாணர்கள் செய்ததையே கேட்கலாம். பத்துப்பாட்டில் ஆற்றுப்படைகள் இருக்கின்றன. பரிசு வாங்கி வருகிற கலைஞன், எதிரே வறுமையோடு வருகிற கலைஞனைப் பார்த்து, நான் இன்னாரிடம் போனேன், இன்னது கிடைத்தது, நீயும் போ, வழி இது, வழியில் இந்த ஊரில் இதைச் சாப்பிடலாம் என்று சொல்கிறான். சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடன் என்கிற அரசனிடம் போகிற வழி நெடுகச் சாப்பாடுதான். எயிற்பட்டினத்தில் சுட்ட மீன், வேலூரில் புளிக்கறியோடு சுடுசோறு, ஆமூரில் நண்டு. கடைசியில் கிடங்கில், இன்றைய திண்டிவனத்தை ஒட்டிய ஊர். உணவு வீடியோ போடுகிற எந்தத் தம்பியும் அந்த வரிசையைப் பார்த்தால் பொறாமைப்படுவான்.

புரவலனைப் புகழ்ந்து கூலி வாங்குவது நமக்குப் புதிதில்லை என்று சொல்வதற்காக இதை எடுக்கவில்லை. அதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். ஆற்றுப்படைப் பாணன் பரிசு வாங்கியதை ஒளிக்கவில்லை. பாட்டே அந்தப் பரிசைப் பற்றியதுதான். இரண்டாவது, கேட்கிறவனும் அங்கே போனால் பரிசு வாங்கப் போகிறவன், பில் கட்டப் போகிறவன் கிடையாது. 'எனக்கு ஓசியில் கிடைத்தது, உனக்கும் ஓசியில் கிடைக்கும்' என்று சொன்னால் அதில் ஏமாற ஆளில்லை. நம் ரீல்ஸில் பேசுகிறவர் ஓசி, கேட்கிறவர் முழு வாடகை. அந்த வித்தியாசத்தை மறைப்பதில்தான் இந்த வியாபாரத்தின் லாபம் பாதி இருக்கிறது.

அதை மறைக்காமல் செய்ததும் உண்டு. கேரள சுற்றுலாத் துறை 2014இல் பிளாக் எக்ஸ்பிரஸ் என்று ஒன்றைத் தொடங்கியது. உலகம் முழுவதிலும் இருந்து பதிவர்களைத் தேர்ந்தெடுத்து ஒரே பஸ்ஸில் ஏற்றி மாநிலம் சுற்றிக் காட்டினார்கள். பஸ்ஸின் மேலேயே அந்தப் பெயர் பெரிதாக எழுதியிருந்தது. அதில் வந்தவர் அரசாங்க விருந்தாளி என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். நான் தகராறு செய்ய மாட்டேன்.

இதுவரைக்கும் சொன்னது ஒரு ரூம், ஒரு தோசை. தொகை பெரிதாகும்போது கதை எப்படிப் போகும் என்று பாருங்கள். பெரிய கம்பெனிகளிடம் யாரும் கடிதம் எழுதிக் கெஞ்ச வேண்டியதில்லை; அவர்களே கூப்பிடுவார்கள். 2023 ஜனவரியில் அமெரிக்க ஒப்பனைக் கம்பெனி டார்ட், இன்ஃப்ளுயன்சர்களை ஆளுக்கு ஒரு துணையோடு எமிரேட்ஸ் பிசினஸ் வகுப்பில் ஏற்றி ஐக்கிய அரபு அமீரகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது. விலைவாசி ஏறிக் கிடக்கிற நேரத்தில் இந்த ஆடம்பரமா என்று பார்த்தவர்கள் எரிச்சல் பட்டார்கள், அதோடு போயிற்று. கன்னத்தில் பூசுகிற பொருள். பிடிக்காவிட்டால் வாங்காமல் விடலாம்.

அந்த வருஷம் ஜூனில் நடந்தது அப்படிப்பட்டது இல்லை. ஷீஇன் என்கிற துணிக் கம்பெனி அமெரிக்க இன்ஃப்ளுயன்சர்கள் சிலரைச் சீனாவின் குவாங்சோவுக்குத் தன் செலவில் அழைத்துப் போனது. அதற்கு முன்பே, 2021இல், பப்ளிக் ஐ என்ற ஸ்விஸ் அமைப்பு குவாங்சோவில் ஷீஇனுக்குத் தைக்கிற பட்டறைகளில் வாரம் 75 மணி நேரம் வேலை நடப்பதாக அறிக்கை வெளியிட்டிருந்தது. 2022இல் பிரிட்டனின் சேனல் 4 ஒளித்துவைத்த கேமராவோடு உள்ளே போய் 18 மணி நேர வேலை நாள்களைப் படம் பிடித்திருந்தது. விருந்தாளிகளுக்குக் காட்டப்பட்டது பளபளக்கும் தரை, அமைதியான தையல்காரர்கள், வெள்ளை வெளிச்சம். தொழிலாளர்களிடமே கேட்டேன், வதந்தியைக் கேட்டு அவர்களே ஆச்சரியப்பட்டார்கள் என்ற பாணியில் வீடியோக்கள் வந்தன. ஒருவர் தன்னைப் புலனாய்வுப் பத்திரிகையாளராகவே நினைத்துக்கொண்டு பேசினார். கண்டனம் கிளம்பியதும் சிலர் வீடியோவை எடுத்துவிட்டார்கள்.

அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை, அதுதான் எனக்குப் பயம். நான் முன்னே சொன்ன மூலை ரூமை நினைத்துக்கொள்ளுங்கள். அதே வேலைதான், தொழிற்சாலை அளவில். துண்டுக்குப் பதிலாகத் தரை, தோசை மாஸ்டருக்குப் பதிலாகத் தையல்காரர். இங்கே மூன்றாவது ஆளாக நிற்பது பார்வையாளர் மட்டும் இல்லை. மூடிய பட்டறைக்குள் ராத்திரி பதினொரு மணிக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருக்கிறவரும் அந்தப் பயணத்துக்குக் காசு கட்டியிருக்கிறார்.

ஃபயர் என்கிற திருவிழாவில் அந்த மூன்றாவது ஆளின் கணக்கே கிடைக்கிறது. 2016 டிசம்பர் 12 அன்று பிரபல மாடல்களும் இன்ஃப்ளுயன்சர்களும் ஒரே நேரத்தில் இன்ஸ்டாகிராமில் ஆரஞ்சு நிறக் கட்டம் ஒன்றைப் போட்டார்கள். பஹாமாஸ் தீவில் இசைத் திருவிழா, சொகுசு மாளிகை, நீலக்கடல். அதற்கு முன்பே மாடல்களைத் தீவுக்கு அழைத்துப் போய், கடலில் குதிக்க வைத்து எடுத்த விளம்பரப் படமும் இருந்தது. மாடல் கெண்டல் ஜென்னருக்கு ஒரு பதிவுக்கு மட்டும் சுமார் இரண்டரை லட்சம் டாலர் என்று செய்தி வந்தது. 2017 ஏப்ரலில் டிக்கெட் வாங்கியவர்கள் போய் இறங்கியபோது மாளிகை இல்லை, புயல் நிவாரணக் கூடாரங்கள் இருந்தன. மெத்தைகள் மழையில் நனைந்து கிடந்தன. இரண்டு துண்டு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொஞ்சம் இலையும் வைத்த தெர்மோகோல் பெட்டியின் படம் உலகம் சுற்றியது. நடத்திய பில்லி மெக்ஃபார்லண்டுக்கு 2018 அக்டோபரில் ஆறு வருஷச் சிறை. ஜென்னர் பிறகு 90,000 டாலர் கொடுத்துத் தன் மீதான வழக்கைத் தீர்த்துக்கொண்டார்.

பணக்கார வீட்டுப் பிள்ளைகள் ஏமாந்தார்கள் என்று உலகம் சிரித்தது. நானும் சிரித்தேன் என்றுதான் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தீவில் உணவகம் வைத்திருந்த உள்ளூர்ப் பெண்மணி ஒருவர், நாள் கணக்காக அந்தக் கும்பலுக்குச் சமைத்துப் போட்டார். பணம் வரவில்லை. தனக்கு வேலை செய்த ஆட்களுக்குக் கூலி கொடுக்கத் தன் சேமிப்பிலிருந்து சுமார் 50,000 டாலரை எடுத்ததாகப் பிறகு ஒரு ஆவணப் படத்தில் கண்ணீரோடு சொன்னார். ஹோட்டல்காரனுக்கு அந்தக் காட்சியைப் பார்க்க முடியாது. அவர் எந்த ஆரஞ்சுக் கட்டத்தையும் பார்த்து டிக்கெட் வாங்கியவர் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். நம் நாட்டில் சட்டம் நீங்கள் நினைப்பதைவிடத் தெளிவாகவே இருக்கிறது. விளம்பரத் தரக் கவுன்சில் 2021 ஜூன் 14 முதல் இன்ஃப்ளுயன்சர்களுக்கு விதிகளைக் கொண்டுவந்தது. 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் துறை வழிகாட்டுதல் வெளியிட்டது. கம்பெனியோடு என்ன தொடர்பு இருந்தாலும் சொல்ல வேண்டும் என்று அதில் ஒரு பட்டியல் இருக்கிறது. பணம், இலவசப் பொருள், தள்ளுபடி, பரிசு ஆகியவற்றோடு பயணமும் ஹோட்டல் தங்கலும் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லியே வருகின்றன. 'காசு வாங்கலையே சார், ரூம்தானே' என்று தப்பிக்க முடியாது. அறிவிப்பை இருபது ஹேஷ்டேகுக்கு நடுவில் செருகக் கூடாது. வீடியோ என்றால் வீடியோவிலேயே வர வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு: எந்த மொழியில் புகழ்கிறீர்களோ அந்த மொழியில்தான் அறிவிக்கவும் வேண்டும். 'மக்களே, வேற லெவல் ரிசார்ட் இது' என்று தமிழில் கூவிவிட்டு, ஓரத்தில் ஆங்கிலத்தில் இரண்டெழுத்துப் பொடியாகப் போடுவது கணக்கில் சேராது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்துக்குப் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட அதிகாரம் இருக்கிறது. திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை.

வரித் துறையும் சும்மா இல்லை. வருமான வரிச் சட்டத்தில் 194R என்று ஒரு பிரிவைக் கொண்டுவந்து, 2022 ஜூலை 1 முதல், தொழில் தொடர்பாகக் கிடைக்கிற சலுகை வருஷத்துக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் கொடுக்கிறவர் 10 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும் என்றார்கள். போனையோ காரையோ வீடியோ எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் அது சலுகையில் சேராது என்றும் விளக்கினார்கள். தங்கிய ராத்திரியை எப்படித் திருப்பிக் கொடுப்பது? நுகர்வோரிடம் சொல்லாமல் விட்டதை வருமான வரி அதிகாரியிடம் சொல்ல வேண்டி வரும் என்பதில் ஒரு சுவை இருக்கிறது.

விதி இருந்தும் நடப்பது குறைவு. பெரிய பெயர்கள் மாட்டிக்கொள்வார்கள்; பத்தாயிரம் பேர் பின்தொடர்கிற மாவட்டத் தலைநகர்ப் பக்கத்தை யார் கவனிக்கிறார்கள்? அங்கேதான் அசிங்கமான காரியமும் நடக்கிறது. புதிதாக மெஸ் திறந்திருக்கிற ஒரு அக்காவிடம் நாலு பேர் போய்ச் சாப்பிட்டுவிட்டு, 'நாங்க ரிவ்யூ போடுறவங்கக்கா, பில்லு வேணாம்ல?' என்பார்கள். அந்த அக்காவுக்கு ஸ்டென்சன் மாதிரி ஃபேஸ்புக் பக்கம் கிடையாது. 'வேணாம் தம்பி' என்றுதான் சொல்வார். என்னிடம் காலி ரூம் இருந்தது, அவரிடம் காலித் தோசை கிடையாது. அரிசி, உளுந்து, கேஸ், எல்லாம் அன்றைக்குக் காசு போட்டு வாங்கினது. பண்டமாற்று என்ற வார்த்தையை அங்கே கொண்டு போகாதீர்கள்.

கேட்கப் போகிறவர்களுக்குத் தொழில் ரகசியம் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆஃப் சீசனில் கேளுங்கள். எந்தத் தேதி, எத்தனை பேர், என்ன எடுத்துத் தருவீர்கள், எப்போது தருவீர்கள் என்று எழுதுங்கள். உங்களைப் பின்தொடர்கிறவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று சொல்லுங்கள். மதுரைக்காரர் ஐயாயிரம் பேர் எங்களுக்கு பிரேசில்காரர் ஐந்து லட்சம் பேரைவிட மேல். நாங்கள் உங்கள் எண்ணிக்கையைப் பார்க்க மாட்டோம், கீழே இருக்கிற கமெண்டைப் பார்ப்போம். வெறும் நெருப்புப் பொம்மையாக இருந்தால் மூடிவிடுவோம். 'ரூம் ரேட் எவ்வளவு? குழந்தைகளுக்குப் பால் கிடைக்குமா?' என்று யாராவது கேட்டிருந்தால் அன்றைக்கே பதில் போடுவோம். முக்கியமாக, 'ஹோட்டல் விருந்தினராகத் தங்கினேன் என்று வீடியோவின் ஆரம்பத்திலேயே தமிழில் சொல்வேன்' என்று கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். அதைப் பார்த்துவிட்டு ஒரு ஹோட்டல் பின்வாங்கினால், ஏன் பின்வாங்குகிறது என்று உங்களுக்கே புரியும்.

நேரம் ஆகிவிட்டது. கேள்வி இருந்தால் கேட்கலாம்.

(ஒரு மாணவி: சார், ஓசியில தங்கிட்டு குறை சொன்னா அப்புறம் யாரு கூப்பிடுவாங்க?)

நல்ல கேள்வி. பல ஹோட்டல்கள் கூப்பிடாது, அது நிஜம். வெளியிடுவதற்கு முன் வீடியோவை எங்களுக்குக் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுகிற ஹோட்டல்களும் உண்டு. எங்களிடம் ஒரு பையன் வந்தான். திருச்சிப் பக்கம். பெரிய ஆளில்லை, சில ஆயிரம் பேர்தான். நல்லபடியாகத்தான் எடுத்தான். ஆனால் முதல் வரியிலேயே 'ஹோட்டல்காரங்க கூப்பிட்டு வந்தேன், காசு குடுக்கல' என்றான். நடுவில் 'கீழ் மாடி ரூமுக்கு வெந்நீர் லேட்டா வருது, ஹீட்டர் பழசு' என்றும் சொல்லிவிட்டான். முதலாளிக்குக் கோபம், எனக்கு அர்ச்சனை. அந்த மாதம் போனில் கூப்பிட்டு ரூம் கேட்டவர்களில் பாதிப் பேர் அவன் பெயரைத்தான் சொன்னார்கள். எல்லாரும் கடைசியில் கேட்ட கேள்வியும் ஒன்றுதான்: 'ஏங்க, அந்த ஹீட்டர மாத்திட்டீங்களா?' முதலாளி வேறு வழியில்லாமல் கீழ் மாடி முழுக்க மாற்றினார். அடுத்த ஆடி மாதம் அந்தப் பையனை அவரே கூப்பிடச் சொன்னார், ஹீட்டர் மாற்றியதை வந்து படம் எடுக்கச் சொல்லி.